வைப்பை உடைக்கும் முன் மதர்போர்டைப் பாருங்கள்

கார்த்திகை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, முற்பகல் நெரிசல் ஓய்ந்த வேளையில், எங்கள் கிளைக்கு ஒரு பெரியவரும் அவருடைய இளைய மகனும் வந்தனர். பெரியவர் தேவிகுளம் தாலுகாவில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் 35 ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற தொழிலாளி லயத்து வீட்டைத் திருப்பித் தந்தாக வேண்டும் என்பது இடுக்கி மலையில் எல்லாரும் அறிந்த நடைமுறை. அவ்வாறே ஒப்படைத்துவிட்டு, உறவினர் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாடகை வீட்டிற்கு இறங்கி வந்திருந்தார். கையில் இருந்தது நிலை வைப்பு ரசீது. பணிக்கொடைப் பணம், ஒரு துண்டு நிலம் அமையும்வரை காத்திருப்பதற்காகப் போடப்பட்டது. அதிலிருந்து 52,000 ரூபாயை முதிர்வுக்கு முன்பே எடுத்துத் தர வேண்டும் என்றார்.

காரணம் கேட்டேன். மகன் சற்றுத் தயங்கி, கோயம்புத்தூர்க் கடை ஒன்று எழுதிக் கொடுத்த விலைச்சீட்டை நீட்டினான். புதிய புராசசர், புதிய மதர்போர்டு, புதிய ராம். விளையாட்டுக்கென வாங்கிய பழைய கணினி திணறுகிறதாம். அதே கணினியில் கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுத்து மாதம் சில ஆயிரம் சம்பாதிக்கிறான் என்பதால், வெறும் விளையாட்டு ஆசை என்று ஒதுக்கவும் முடியவில்லை. "பழசையே ஓட்டலாமா, மாத்தணுமா, நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்றார் பெரியவர்.

பணிக்கொடைச் சட்டப்படி ஓராண்டுப் பணிக்கு 15 நாள் ஊதியம் கிடைக்கும். பெரியவரின் கடைசி நாட்கூலியை வைத்து ஒரு தாளில் கணக்கிட்டேன். 52,000 ரூபாய் என்பது அவருடைய ஏழு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட உழைப்புக்குக் கிடைத்த பணிக்கொடை. தாளை மகனிடம் தள்ளினேன். அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வைப்பை உடைக்கும் படிவத்தை அன்று நான் எடுக்கவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டு அனுப்பினேன்.

இந்தக் கேள்வியில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. நான் படித்தது வணிகவியல். கணினியின் உள்ளே இருப்பவற்றை என் மகனிடம்தான் கற்றேன். எங்கள் வீட்டிலும் 2017-இல் வாங்கிய ஒரு விளையாட்டுக் கணினி இருக்கிறது. பெரியவர் வீட்டுக் கணினியும் அதே ஆண்டினதுதான்; மூத்த மகன் திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கி, திருமணத்திற்குப் பின் தம்பிக்கு விட்டுக் கொடுத்தது. இரண்டிலும் ஜி.டி.எக்ஸ். 1060 கிராபிக்ஸ் கார்டு. விலையும் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் என் வீட்டில் புராசசரை மாற்றியது சரி. அவர் வீட்டில் மாற்றுவது சரியன்று என்பதே என் கருத்து. அந்த வேறுபாட்டைச் சொல்லவே இக்கட்டுரை.

எங்கள் கணினியில் இருந்தது ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 1600. அது அமரும் சாக்கெட்டின் பெயர் ஏஎம்4. அவர்கள் கணினியில் இருப்பது இன்டெல் ஐ5-7400, ஏழாம் தலைமுறை. 1151 தொடுமுனைகள் கொண்ட சாக்கெட். 2017 அக்டோபரில் இன்டெல் எட்டாம் தலைமுறைப் புராசசர்களை வெளியிட்டது. அவற்றிற்கும் தொடுமுனைகள் அதே 1151தான். ஆனால் பழைய மதர்போர்டில் அவை இயங்கா. புதிய வரிசை மதர்போர்டு வேண்டும் என்று நிறுவனம் அறிவித்துவிட்டது. மூத்த மகன் கணினி வாங்கிய சில மாதங்களிலேயே அதன் பாதை அடைபட்டுப் போனது. கடைக்காரர் இதை அவனுக்குச் சொல்லியிருக்கவும் வழியில்லை.

ஏஎம்4 பாதையோ நெடுங்காலம் திறந்திருந்தது. அதுவும் எளிதில் நடந்ததன்று. 2020 மே மாதத்தில், வரவிருந்த புதிய ரைசன் வரிசை முந்தைய பி450 மதர்போர்டுகளில் இயங்காது என்றுதான் ஏ.எம்.டி.யும் முதலில் சொன்னது. வாங்கியவர்கள் குரல் எழுப்பினர். அதே மாதத்தில் நிறுவனம் முடிவை மாற்றிக்கொண்டது. எங்களிடம் இருந்ததைப் போன்ற இன்னும் பழைய பி350 மதர்போர்டுகளுக்கு 2022-இல் வாய்ப்புக் கிடைத்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த ரைசன் 5 5600-ஐ, பத்தாயிரம் ரூபாய்க்குள் விலை இறங்கியபின் வாங்கிப் பொருத்தினோம். மதர்போர்டு, ராம், பெட்டி, பவர் சப்ளை எதையும் மாற்றவில்லை.

இடுக்கிக்காரர்களுக்கு இது புதிய செய்தியன்று. 1954-இல் இயங்கத் தொடங்கிய செங்குளம் நீர்மின் நிலையத்தின் திறன் 48 மெகாவாட். பின்னாளில் அணையையும் குழாயையும் அப்படியே வைத்துக்கொண்டு இயந்திரங்களைப் புதுப்பித்தபோது அது 51.2 மெகாவாட் ஆனது. 1961-இல் தொடங்கிய நேரியமங்கலமும் அவ்வாறே 45-இலிருந்து 52.65-க்கு உயர்ந்தது. ஆனால் 1940-இல் தொடங்கிய பள்ளிவாசலின் விரிவாக்கத் திட்டமோ புதிய சுரங்கம், புதிய குழாய், புதிய நிலையம் என்று அமைந்தது. 2007-இல் ஆரம்பித்த வேலை பதினைந்து ஆண்டுகளைத் தாண்டியும் இழுத்தது. இருப்பதில் ஒன்றை மாற்றுவது வேறு. அடியிலிருந்து மீண்டும் கட்டுவது வேறு. விலைச்சீட்டில் புராசசர், மதர்போர்டு, ராம் மூன்றும் ஒன்றாக இருந்தால் அது மேம்படுத்தல் ஆகாது. அது புதிய கணினி; பெட்டி மட்டும் பழையது.

மூன்றாம் நாள் மகன் தனியாக வந்தான். நான் சொன்னபடி விளையாட்டு ஓடும்போது டாஸ்க் மேனேஜரைக் கைப்பேசியில் படம் எடுத்து வந்திருந்தான். கிராபிக்ஸ் கார்டு 55 சதவீதம். புராசசரின் நான்கு கருக்களும் 100 சதவீதம். திரையின் துல்லியத்தை 1080-இலிருந்து 720-க்குக் குறைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தேன். குறைத்தும் வேகம் கூடவில்லை. கார்டு முழுமூச்சில் 95 சதவீதத்துக்கு மேல் உழைத்துக்கொண்டிருந்தால் புராசசரை மாற்றிப் பயனில்லை. கார்டு பாதி ஓய்வில் இருக்க, புராசசர் மூச்சு வாங்கினால் குறை அங்கேதான். ஆகவே அவன் சொன்னது உண்மை. புராசசர்தான் தடை. இதை ஒப்புக்கொள்ளாமல் "பிள்ளைகளுக்கு எப்போதும் புதியது வேண்டும்" என்று பேசுவது நமக்கு எளிது, நியாயமன்று.

நோய் தெரிந்தது, மருந்தின் விலைதான் கேள்வி. அந்த மதர்போர்டு ஏற்கக்கூடிய உயர்ந்த புராசசர்களில் ஒன்று ஐ7-7700. பழைய பொருள் சந்தையில், உத்தரவாதம் இல்லாமல் கிடைக்கும். நான்கு கரு, எட்டு இழை. வீடியோ தொகுப்பில் வேறுபாடு தெரியும். ஆனால் விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாப்ட் பொதுவாக ஏற்பது இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். ஐ7-7700 அதற்கு ஒரு தலைமுறை முந்தியது. முட்டுச்சந்துக்குள் இன்னும் பத்தடி நடப்பதற்குப் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

விண்டோஸ் பற்றிய இந்தச் செய்தியை வங்கி அலுவலர் என்ற முறையில் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைச் சேமிக்க ஒப்புக்கொண்டால் அதற்குக் கட்டணமும் இல்லை. அதைச் செய்யாத கணினிக்கு, புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைக்கப்படுவதில்லை. விளையாட்டு அப்போதும் ஓடும். ஆபத்து விளையாட்டில் இல்லை. அதே கணினியில் தந்தையின் கணக்குக்கு இணைய வங்கிச் சேவை திறந்திருப்பதில்தான் ஆபத்து. போதாதற்குப் பல வீடுகளில், பணம் கொடுக்காமல் கிடைக்கும் 'கிராக்' செய்த விளையாட்டுகளை இறக்கி நிறுவுகிறார்கள். நிறுவும்போது வைரஸ் தடுப்பை நிறுத்தி வைக்கச் சொல்லும் குறிப்பும் கூடவே வரும். கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே நகைப் பெட்டியையும் வைப்பதற்கு இது ஒப்பாகும். எங்கள் வீட்டில் விதி ஒன்றுதான்: விளையாட்டுக் கணினியில் வங்கி வேலை கிடையாது. அதே விதியை அவனுக்கும் சொன்னேன். பெரியவரின் கணக்கை அந்தக் கணினியில் ஒருபோதும் திறப்பதில்லை என்று ஒப்புக்கொண்டான். நான் சொன்னவற்றுள் அவன் எதிர்ப்பேச்சின்றி ஏற்றது இது ஒன்றுதான்.

இன்னொரு வழியும் அவனிடமே இருந்தது. கேரள அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவன். நம் பள்ளிகளின் கணினிகள் விண்டோஸை நம்பி இருப்பவை அல்ல. ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமும், அதன் வழிவந்த கைட் நிறுவனமும் குனு/லினக்ஸ் அடிப்படையிலான கட்டற்ற இயங்குதளத்தையே பயன்படுத்துகின்றன. பத்தாம் வகுப்பு ஐ.டி. செய்முறைத் தேர்வை மாணவர்கள் எழுதுவதும் அதில்தான். பழைய கணினிகளை ஆண்டுக்கணக்கில் ஓட்டும் கலையை இம்மாநிலத்துப் பள்ளிகள் முன்னமே கற்றுவிட்டன. 2026 அக்டோபருக்குப் பின் அவன் கணினிக்கு அந்த வழி திறந்தே இருக்கிறது. ஸ்டீம் தளத்தின் பல விளையாட்டுகள் லினக்ஸில் ஓடுகின்றன. வாலரண்ட் ஓடாது. அவனுடைய முகம் வாடியது இந்த இடத்தில்தான்.

இப்போது என் பாடத்திற்கு வருகிறேன். வருமான வரிக் கணக்கில் கணினிக்குத் தேய்மானம் ஆண்டுக்கு 40 சதவீதம், குறைந்து செல் இருப்பு முறையில். 60,000 ரூபாய்க்கு வாங்கிய கணினி எட்டாண்டு முடிவில் ஏட்டில் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்தான் பெறும். நிறுவனச் சட்டத்தின் அட்டவணையோ மேசைக் கணினியின் பயனுள்ள ஆயுளை மூன்றே ஆண்டாக வைத்திருக்கிறது. ஏட்டில் இறந்த பொருள் வீட்டில் சம்பாதித்துக் கொடுக்கும் நிலையில் இருப்பது வணிகவியல் மாணவனுக்கு ஒரு நல்ல வேடிக்கை. ஏட்டு மதிப்பு ஆயிரம் என்பதற்காக அதைத் தூக்கி எறிய வேண்டாம். முன்பு 60,000 போட்டோம் என்பதற்காக அதில் மேலும் மேலும் போடவும் வேண்டாம். போன பணம் போனதுதான். இனிப் போடும் ஒவ்வொரு ரூபாயும் இனி எத்தனை மாதம் உழைக்கும் என்பது மட்டுமே கணக்கு. எங்கள் வீட்டில் பத்தாயிரத்துக்குள் போட்ட பணம் விண்டோஸ் 11-க்கும் வழிவிட்டது, இன்னும் சில ஆண்டுகளையும் வாங்கிக் கொடுத்தது. அவன் போடவிருந்த 52,000-க்கும் பலன் உண்டு. ஆனால் அந்தப் பலன் இந்த ஆண்டே வேண்டுமா, அந்தப் பணத்திலிருந்தே வேண்டுமா என்பதே என் ஐயம்.

காலமும் சரியில்லை. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்வதால், 2025-இன் பிற்பகுதியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், குருசியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த வணிகத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. புதிய மதர்போர்டு டி.டி.ஆர்.5 ராம் கேட்கும். கையில் இருக்கும் டி.டி.ஆர்.4 ராம் அதில் பொருந்தாது. விலைச்சீட்டின் கணிசமான பகுதியை ராம் விழுங்கியிருந்தது. இத்தகைய நேரத்தில் பழைய ராமைக் காப்பாற்றும் வழி எதுவும் மலிவான வழிதான்.

அடுத்த ஞாயிறன்று கணினியை எங்கள் வீட்டிற்கே கொண்டுவரச் சொன்னேன். பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே மூன்று ஊர்கள் இருந்தன. திருப்பூரின் பஞ்சுத் துகள், மலையின் ஈரத்தில் அது பாசிபோல் ஒட்டிக்கொண்ட படலம், அதன்மேல் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொண்டுவந்த புழுதி. என் மகனும் அவனும் சேர்ந்து தூரிகையால் துடைத்தனர். புராசசரின் மேலிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. துடைத்துப் புதிதாக இட்டனர். சூடு தாங்காமல் புராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு வந்திருக்கிறது என்பது அதன் பின்னர்தான் புலப்பட்டது. மீனம், மேடம் மாதங்களில் 40 டிகிரியை நெருங்கும் பாலக்காட்டில், ஆண்டுக்கொரு முறை இந்தத் துப்புரவைச் செய்யாதவர் புராசசரைக் குறை சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டும்.

பழைய ஹார்டு டிஸ்கிற்குத் துணையாக ஒரு எஸ்.எஸ்.டி. போட்டார்கள். எட்டு ஜி.பி. ராம் ஒற்றைத் துண்டாக இருந்தது. என் மகனிடம் சும்மா கிடந்த இன்னொரு எட்டு ஜி.பி. துண்டைச் சேர்த்து இரட்டை வழியாக்கினார்கள். விளையாட்டின் அமைப்பில் கூட்டத்தின் அளவு, பார்வைத் தொலைவு போன்ற, புராசசரை வாட்டும் அம்சங்களை மட்டும் குறைத்து, வேகத்தை நொடிக்கு 60 சட்டங்களுக்குக் கட்டினார்கள். திணறல் முழுவதும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பெரிய கல்யாண வீடியோவை முழுமையாக்க அது இன்றும் ஓர் இரவை எடுத்துக்கொள்கிறது. ஆனால் விளையாட்டு நடுவில் நின்றுபோவதில்லை. செலவு எஸ்.எஸ்.டி.க்கும் பேஸ்ட்டுக்கும் மட்டுமே; அதை அவன் தன் சம்பாத்தியத்திலிருந்தே கொடுத்தான்.

புராசசர் மாற்றுவதற்குத் தகுதியான கணினி உள்ளவர்களுக்கு, எங்கள் வீட்டுத் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏஎம்4 புராசசரின் அடியில் ஊசி போன்ற கால்கள் உண்டு. பேஸ்ட் காய்ந்து இறுகியிருக்க, நான் ஆர்வத்தில் குளிர்விப்பானை நேராக மேலே இழுத்தேன். புராசசரும் அதோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. இரண்டு கால்கள் வளைந்தன. என் மகன் பேசாமல் மைக்ரோடிப் பென்சிலின் வெற்று முனையால் அவற்றை நிமிர்த்தினான். கணினியைச் சற்று நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, குளிர்விப்பானை இடவலமாகத் திருகி எடுத்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது பயாஸ் புதுப்பித்தல். பழைய புராசசர் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும். பாதியில் மின்சாரம் போனால் மதர்போர்டே வீணாகலாம். துலாவர்ஷத்தின் இடி மின்னல் மாலைகளில் மலையோரத்தில் இருப்பவர்கள், யு.பி.எஸ். இல்லாமல் இதில் கை வைக்கவே கூடாது. நாங்கள் யு.பி.எஸ். பேட்டரியைச் சோதித்துவிட்டு, ஒரு காலை வேளையில் செய்தோம்.

கடன் வாங்கி மாற்றலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கடன் கொடுப்பது எங்கள் தொழில். ஆயினும் விளையாட்டுக் கணினிக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. வட்டியில்லாத் தவணை என்ற சொல்லை நம்பாதீர்கள். அப்படியொன்று கிடையாது, வட்டி வேறு பெயரில் மறைக்கப்படுகிறது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. 2024 அக்டோபரிலிருந்து சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை தரப்பட வேண்டும். அதில் ஆண்டுச் சதவீத விகிதம் என்ற ஒற்றை எண் இருக்கும். எல்லாக் கட்டணமும் அடங்கிய எண் அது. கையெழுத்திடும் முன் அதை மட்டுமாவது கேட்டுப் பாருங்கள். சம்பாதித்துக் கொடுக்கும் கருவி என்றால் நிலைமை வேறு; அப்போதும் வைப்பை உடைப்பதைவிட, வைப்பின் பேரில் கடன் பெறுவது பல நேரங்களில் இழப்புக் குறைவு. இரண்டையும் கிளையில் எழுதிக் கணக்கிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பெரியவரின் ரசீது அவரிடமே இருக்கிறது. மகன் தன் பெயரில் மாதம் 1,500 ரூபாய்க்கு இரண்டாண்டுத் தொடர் வைப்பு ஒன்று தொடங்கியிருக்கிறான். சென்ற வாரம் பாஸ்புத்தகத்தில் பதிவு போட வந்தவன், அடுத்த கணினியை எந்தச் சாக்கெட்டில் வாங்கினால் அதிக ஆண்டுகள் பாதை திறந்திருக்கும் என்று கேட்டான். என் மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.